பிளவு உதட்டோடும் பிளவு அண்ணத்தோடும் பிறந்த குழந்தை: வீட்டார் செய்ய வேண்டியவை

உதட்டிலோ மேல் அண்ணத்திலோ பிளவோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், சுற்றி நிற்கும் எல்லோரும் முதலில் கேட்பது ஆபரேஷன் எப்போது என்பதைத்தான். அதற்கு விடை எளிது: பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன்னால் இல்லை. அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இந்தக் குழந்தையின் வயிற்றுக்குப் பால் எப்படிப் போய்ச் சேரும்? பிளவைத் தைக்கத் தெரிந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் நல்ல எடையும், சளி கட்டாத நெஞ்சும், போதிய இரத்தமும் உள்ள குழந்தையாக வளர்த்து அவர்கள் கையில் ஒப்படைப்பது வீட்டாரால் மட்டுமே ஆகக்கூடிய வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அறுவை சிகிச்சையின் நுட்பங்களை அதைச் செய்பவரிடமே விட்டுவிடுகிறேன்.

பாலுக்குப் போகுமுன் ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள் என்று பிள்ளை பெற்றவளைச் சுட்டிப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. மேலுதட்டின் பகுதிகள் கருவின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில் ஒன்றுசேர்கின்றன. அண்ணத்தின் இரு பக்கங்களும் ஆறாவது வாரத்துக்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் இடையில் நடுவில் வந்து இணைகின்றன. நாள் தள்ளிப்போனதையே பல பெண்கள் அப்போதுதான் கவனித்திருப்பார்கள். அந்த இணைப்பு நிறைவேறாமல் போவதற்கு மரபணுக்களும், போலிக் அமிலக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை நோய், புகை, மது, வலிப்புக்குத் தரப்படும் சில மருந்துகள் போன்ற சூழல் காரணங்களும் சேர்ந்து பங்களிக்கின்றன. பல குழந்தைகளில் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. உலகெங்கும் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி அமைகிறது. கிரகணத்துக்கு இதில் பங்கில்லை. இதை நான் வலியுறுத்துவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: ஏச்சும் அழுகையும் நிறைந்த வீட்டில் தாய்க்குப் பால் இறங்குவதும் தடைப்படும், இந்தக் குழந்தைக்கோ அந்தப் பால்தான் முதல் மருந்து.

வாயைப் பார்த்தல்

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் சில நாள்கள் தெரியாமலே போகலாம். ஆகவே பிறந்த அன்றே குழந்தை மருத்துவர் டார்ச் வெளிச்சத்தில், நாக்கை அழுத்திக்கொண்டு, உள்நாக்கு வரை பார்த்தாரா என்று கேளுங்கள். பால் குடிக்கும்போது மூக்கு வழியாகப் பால் வருவதும், வாயில் மார்பு இருந்தும் குழந்தை இழுக்க முடியாமல் சோர்ந்து தூங்கிவிடுவதும், உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதும் மீண்டும் ஒருமுறை காட்டச் சொல்லும் அடையாளங்கள். கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருந்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு இழுக்கும் குழந்தைக்குப் பாலைவிட மூச்சே முதல் கவலை. அத்தகைய குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது என்பதை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிளவோடு வேறு குறைகளும் சில குழந்தைகளுக்கு இருக்கும் என்பதால் இதயத்தையும் காதையும் சோதிக்கச் சொன்னால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பால் புகட்டுதல்

மார்பில் பால் இழுப்பதற்குக் குழந்தையின் வாய்க்குள் காற்று புகாத வெற்றிடம் உண்டாக வேண்டும். அண்ணத்தில் பிளவு இருந்தால் மூக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருப்பதால், ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்க முயல்வதைப் போல, குழந்தை எவ்வளவு பாடுபட்டாலும் பால் வராது. குழந்தைக்கு விழுங்கத் தெரியும், இழுக்கத்தான் முடியாது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்: பாலை இழுக்கும் வேலையை நாம் செய்து கொடுத்தால் விழுங்கும் வேலையைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

உதட்டில் மட்டும் பிளவுள்ள குழந்தைகள் பலர் மார்பிலேயே நன்றாகக் குடிக்கிறார்கள். பிளவுள்ள பக்கம் மார்பின் மேற்புறத்தை நோக்கி இருக்கும்படி குழந்தையை அணைத்துக்கொண்டு, இடைவெளியைத் தாய் தன் கட்டைவிரலாலோ மார்பின் சதையாலோ அடைத்துக்கொடுத்தால் காற்று புகாது. ஓரிரு நாள் பழகப் பொறுமை வேண்டும். அண்ணப் பிளவுள்ள குழந்தையையும் மார்போடு அணைக்கலாம், அணைக்கவும் வேண்டும். உடலோடு உடல் பட்டால் பால் சுரப்பு கூடும், குழந்தையும் அடங்கும். ஆனால் அதையே உணவு என்று நம்பிவிடக் கூடாது. மார்பில் அரை மணி நேரம் கிடந்த குழந்தை நிறையக் குடித்துவிட்டதாக எண்ணிப் படுக்கவைப்பதில்தான் பல குழந்தைகளின் எடை கரைகிறது.

ஆகவே தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் புகட்ட வேண்டும். பிரசவமான சில மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவில் ஒருமுறையாவது உள்பட நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாள்களில் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலை ஒரு சிறு கரண்டியில் பிடித்து அப்படியே கொடுத்துவிடலாம். பீய்ச்சிய பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம், குளிர் நீங்க வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்குக் காதில் நீர் கோத்துத் தொற்று வருவது அதிகம். தாய்ப்பால் அதைக் குறைக்கிறது என்பதால் பீய்ச்சும் சிரமம் வீண்போகாது. தாய்ப்பால் போதாமல் குழந்தைகளுக்கான பால்மாவு சேர்க்க நேர்ந்தால் டப்பாவில் சொன்ன அளவிலேயே கரைக்க வேண்டும். நீரைக் கூட்டிக் கரைத்த பாலும், தண்ணீர் விட்ட பசும்பாலும் வயிற்றை நிரப்புமே தவிர எடையைக் கூட்டாது.

எதனால் புகட்டுவது என்ற கேள்விக்கு நம் வீடுகளிலேயே நல்ல விடை இருக்கிறது: பாலாடை. சங்கு என்றும் சொல்லப்படும் அந்த மூக்குவைத்த சிறு கிண்ணம், பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் தருவதற்கு இன்றும் பயன்படுகிறது. பிளவுள்ள குழந்தைக்கும் அது பொருந்தும், விலையும் குறைவு, கழுவிக் கொதிக்கவைப்பதும் எளிது. குழந்தையின் கைகளைத் துணியால் சுற்றி, மடியில் சாய்வாக, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பாலாடையை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, அதன் மூக்கைப் பிளவில்லாத பக்கத்துக் கடைவாயில் கன்னத்தை ஒட்டி வைத்து, சில சொட்டுகள் மட்டும் விழும்படி சாயுங்கள். குழந்தை விழுங்கும்வரை காத்திருந்து, விழுங்கிய பிறகு அடுத்ததைச் சாயுங்கள். மொத்தமாக ஊற்றுவது ஆபத்து. வேகத்தை நிர்ணயிப்பது குழந்தையாக இருக்க வேண்டும், அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்ட பெரியவர்களாக இருக்கக் கூடாது.

பிளவுள்ள குழந்தைகளுக்கென்றே அமுக்கினால் பால் வரும் மென்மையான புட்டிகளும், ஒருவழி அடைப்பு பொருத்திய காம்புகளும் கிடைக்கின்றன. பொதுவாகக் குழந்தை மருத்துவர்கள் புட்டியைத் தடுப்பார்கள். அது சரியான அறிவுரைதான், ஆனால் இந்தப் புட்டி வசதிக்காக வாங்கும் புட்டி அல்ல, உறுப்பின் குறையை ஈடுசெய்யும் கருவி. காம்பைப் பிளவுக்குள் நுழைக்காமல் திசு உள்ள பக்கத்தில் நாக்கின் மேல் வைத்து, குழந்தை சப்பும் தாளத்துக்கேற்ப மெல்ல அமுக்கி, இடையிடையே நிறுத்த வேண்டும். சாதாரண காம்பில் ஊசியைச் சுட்டுப் பெரிய துளை போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வரும் பாலைக் குழந்தையால் கட்டுப்படுத்த முடியாமல் புரை ஏறும்.

அளவைப் பொறுத்தவரை, முதல் நாளில் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 60 மில்லியில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, முதல் வார முடிவில் கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கை எட்ட வேண்டும். மூன்று கிலோ குழந்தைக்கு அது நாளுக்கு 450 மில்லி. எட்டு முறையாகப் பிரித்தால் ஒரு முறைக்கு 55 மில்லிக்குச் சற்று அதிகம். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குப்பியால் அளந்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்த நோட்டைப் போல உதவுவது வேறில்லை. ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தால் குடித்த பாலின் சக்தியைக் குடிக்கும் உழைப்பே தின்றுவிடும். அப்போது குறை குழந்தையிடம் இல்லை, முறையை மாற்ற வேண்டும் என்று பொருள்.

குடிக்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இரண்டு மூன்று முறை நிறுத்தித் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் பதற வேண்டாம். வழி திறந்திருப்பதால் வருகிறது, அவ்வளவுதான். சற்று முன்பக்கம் சாய்த்து, துடைத்து, குழந்தை அமைதியானதும் தொடருங்கள். ஆனால் விடாத இருமல், உதடு நீலமாதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திப் பக்கவாட்டில் திருப்புங்கள். தெளியவில்லையென்றால் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். குடித்து முடித்ததும் இருபது நிமிடமாவது நிமிர்த்தி வைத்திருந்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த மெல்லிய துணியால் உதட்டிலும் மூக்கோரத்திலும் ஒட்டிய பாலைத் துடைத்துவிடலாம். பிளவுக்குள் பஞ்சுக் குச்சி விட்டுக் குடையத் தேவையில்லை.

குளிப்பாட்டும் இடத்தில்

பால் புகட்டுவதை மருத்துவமனையில் செவிலியர் சொல்லிக்கொடுப்பார். குளிப்பாட்டுவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வரும் பெரியவர்கள் மூக்கில் ஊதுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் எந்தக் குழந்தைக்கும் கூடாதவை. அண்ணம் திறந்திருக்கும் குழந்தைக்கு அவை உயிருக்கே உலை வைக்கக் கூடியவை. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் ஆறாத நிமோனியா வரும். சேனை வைப்பது, உரைமருந்து, கழுதைப் பால், தேன் ஆகியவற்றுக்கும் இதே விடைதான். பாட்டியின் அன்பைப் புண்படுத்தாமல் இதைச் சொல்வது தாய்க்குக் கடினம். ஆகவே குழந்தையின் தகப்பனோ தாய்மாமனோ பொறுப்பெடுத்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பெரியவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: பாலாடையில் பால் புகட்டும் பொறுமை அவர்களுக்குத்தான் அதிகம். சாம்பிராணிப் புகையும், வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட்டும் வேண்டாம். தடுப்பூசிகளைப் பிளவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

எடை

பிறந்த முதல் நாள்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடை சற்று இறங்கும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். அதன்பின் முதல் மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நிம்மதி. முதல் இரண்டு மாதங்கள் வாரம் ஒருமுறை, அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஒரே தராசில் எடை பாருங்கள். நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறவில்லையென்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மற்றக் குழந்தைகளைப் போலவே கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்புச் சாதம், மசித்த இட்லி என்று தொடங்கிவிடலாம். அண்ணம் தைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீர்க்கக் கரைத்ததைவிடக் கெட்டியாகக் குழைத்தது மூக்கில் ஏறுவது குறைவு.

எங்கே போவது

ஓர் அறுவை மருத்துவர் மட்டும் இருக்கும் இடத்தைவிட, பல் மருத்துவர், காது மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், குழந்தை மருத்துவர் ஆகியோர் ஒரு குழுவாகச் செயல்படும் மையத்தையே நான் தேடச் சொல்வேன், அது சற்றுத் தொலைவாக இருந்தாலும். முதல் மாதத்துக்குள் ஒருமுறை அங்கே போய்வருவது நல்லது. ஏனெனில் பிறந்த முதல் வாரங்களில் குழந்தையின் மூக்குக் குருத்தெலும்பு வளைந்துகொடுக்கும் தன்மையோடு இருக்கும், அப்போது உதட்டின் குறுக்கே ஒட்டும் பட்டையாலோ வாயில் பொருத்தும் சிறு தகட்டாலோ பிளவின் அகலத்தைக் குறைத்து மூக்கைச் சீராக்க முடியும். எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படாது.

செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய நிலை இன்று இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (RBSK) பட்டியலில் பிளவு உதடும் அண்ணமும் உள்ளன. அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (DEIC) அதன்வழி குழந்தையைப் பதிந்து அனுப்பிவைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று கேளுங்கள். 1999-இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெயின் அறக்கட்டளை, தன்னோடு இணைந்த மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சையை இலவசமாக நடத்த உதவுகிறது. ஊரின் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இவற்றில் எதற்கு எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

அறுவை சிகிச்சை நாள்கள்

உதட்டுக்கான சிகிச்சையை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது வழக்கம். வயது பத்து வாரம், எடை பத்து பவுண்டு (ஏறத்தாழ நாலரைக் கிலோ), 100 மில்லி இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. மேலே எடையைப் பற்றி அவ்வளவு சொன்னதன் காரணம் இதுவே. அண்ணத்துக்கான சிகிச்சையை ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் செய்வார்கள். உதடு சரியாகி முகம் அழகாகிவிட்டதும் சில குடும்பங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. வெளியே தெரியாத அண்ணத்தை அப்படியே விட்டால் பிள்ளையின் பேச்சு காலத்துக்கும் மூக்கிலேயே தங்கிவிடும்.

சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் சொல்லும் நேரத்திலிருந்து பால் தராமல் இருப்பது கண்டிப்பானது. வழக்கமாகத் தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், மற்றப் பாலுக்கு ஆறு மணி நேரம். அழுகிறதே என்று மறைவாக ஒரு சங்கு பால் கொடுத்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம்வரை விரலும் பொம்மையும் வாய்க்குள் போகாதபடி முழங்கையில் மெத்தென்ற அட்டை கட்டச் சொல்வார்கள்; ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கையை அசைக்கவிட்டு மீண்டும் கட்டுங்கள். அண்ணம் தைத்த குழந்தைக்குக் கூர்மையான கரண்டி, முறுக்கு, பிஸ்கட் எதுவும் மருத்துவர் சொல்லும்வரை ஆகாது. இரத்தம் கசிவது, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, தையல் விடுவது, மூக்கு வழியாக மீண்டும் பால் வருவது ஆகியவற்றை அன்றே தெரிவிக்க வேண்டும்.

காதும் பேச்சும்

அண்ணத்தை அசைக்கும் தசைகளே நடுக்காதின் காற்றுக் குழலையும் திறக்கின்றன. அவை சரியாக அமையாததால் இந்தக் குழந்தைகளின் நடுக்காதில் வலியில்லாமலே நீர் கோத்து, கேட்கும் திறன் மங்கும். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அடம் என்று நினைக்காதீர்கள். பிறந்தவுடன் செய்யும் செவிச் சோதனையோடு நிறுத்தாமல், பேச்சு வளரும் ஆண்டுகளில் குறித்த இடைவெளியில் திரும்பச் சோதிக்க வேண்டும். தேவையானால் செவிப்பறையில் ஒரு நுண்குழாய் பொருத்துவார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, ம, ன, ங போன்ற ஒலிகள் மூக்கு வழியாகவே வருவதால் இவை குழந்தைக்கு எளிது. ப, ட, த, க, ச ஆகியவற்றுக்கு வாய்க்குள் காற்றை அடக்கித் திறக்க வேண்டும்; அண்ணம் மூடாதபோது 'பப்பு' என்பது 'மம்மு' போல ஒலிக்கும், 'காக்கா' என்பது தொண்டையில் அடைத்து 'ஆ, ஆ' என்று உடையும். தொண்டையில் அடைத்துப் பேசும் அந்தப் பழக்கம் ஊன்றிவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தானாகப் போகாது, பயிற்சியால்தான் மாறும். ஆகவே அண்ணம் தைத்துப் புண் ஆறியதும், பிள்ளை பேசத் தொடங்குமுன்பே, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். வீட்டில் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, 'பூ', 'பாப்பா', 'பந்து', 'தாத்தா' என்று உதட்டிலும் பல்லிலும் பிறக்கும் சொற்களை விளையாட்டாகச் சொல்லிக் காட்டுங்கள். தவறாகச் சொன்னால் திட்டாமல், அதே சொல்லை நீங்கள் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். உறவினர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது பிள்ளையை ஊமையாக்கும். பலூன் ஊதுவதும் புல்லாங்குழல் ஊதுவதும் பேச்சைத் திருத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஊதும் பயிற்சியால் உச்சரிப்பு மாறுவதில்லை, ஒலிகளைச் சொல்லிப் பழகினால்தான் மாறும். நகரத்துக்கு அடிக்கடி வர முடியாத குடும்பங்களுக்காக, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனைக் குழு திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கிப் பேச்சுப் பயிற்சியைக் கிராமத்துக்கே கொண்டுபோனது. உங்கள் மையத்தில் அத்தகைய ஏற்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சிக்குப் பிறகும் மூக்கொலி நீங்காத சிலருக்கு நான்கு முதல் ஆறு வயதில் இன்னொரு சிறு சிகிச்சை தேவைப்படலாம்.

ஈறும் பிளந்திருந்த பிள்ளைக்கு, கோரைப்பல் முளைக்குமுன், ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு வயதுக்குள், அங்கே எலும்பு வைத்துத் தைப்பார்கள். அதற்கான நேரத்தைப் பல் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார். ஆகவே சிகிச்சைத் தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த குழந்தையைப் பற்றிய அச்சம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. வேறு குறைகள் இல்லாத உதட்டுப் பிளவோடு ஒரு குழந்தை பிறந்த வீட்டில் அடுத்ததற்கும் அது அமையும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களும், பெற்றோரில் ஒருவருக்கே பிளவு உள்ளவர்களும், குழந்தைக்கு வேறு குறைகளும் இருப்பவர்களும் மரபணு ஆலோசகரைப் பார்த்துத் தங்களுக்குரிய கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் மாதத்துக்கு முன்பிருந்தே போலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த அளவு என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்குமுன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது அதில் பெரும்பாலும் தெரியாது என்பதால், பிறந்த அன்று டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்க்கச் சொல்வதை அப்போதும் விட்டுவிடாதீர்கள்.